வாய் திறவாக் கணினி

மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் கணினிக்கு முகம் உண்டு. திரை அதன் முகம். விசைப்பலகை அதன் செவி. அது நலமாக இருக்கின்றதா, நோயுற்றிருக்கின்றதா என்பதை அம்முகத்தைக் கண்டே பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். ஆனால், இக்காலத்தில் முகமில்லாக் கணினிகளும் எண்ணிறந்தன உள. வீட்டுச் சுவரில் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் ரூட்டர்ப் பெட்டிக்குள் ஒன்று ஒளிந்திருக்கும். மழையளவையும் காற்றின் வேகத்தையும் குறிக்கும் வானிலைக் கருவிக்குள் மற்றொன்று அமர்ந்திருக்கும். இவை பிறிதொரு கருவியினுள் பொதிந்து வைக்கப்படுதலின் உட்பொதி கணினிகள் எனப்படும். இவற்றுள் மிகப் பல லினக்ஸ் என்னும் இயக்கமுறையைக் கொண்டு இயங்குவன. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய மென்பொருள் அது.

முகமில்லாத இப்பொறி ஒருநாள் தன் வேலையை நிறுத்திவிட்டால் யாது செய்வது? மின்சாரம் செல்கின்றது, சிறு விளக்கும் எரிகின்றது, ஆனால் மறுமொழி இல்லை. இந்நிலையில் பலரும் இரண்டிலொன்று செய்கின்றனர். 'பழுதாயிற்று' என்று பொறியை எறிந்துவிடுகின்றனர். அன்றி, அதன் நினைவட்டையாகிய மெமரி கார்டை முற்றும் அழித்து, லினக்ஸைப் புதிதாக எழுதிவிடுகின்றனர். முன்னதனால் நல்ல பொறி குப்பையிற் சேர்கின்றது. பின்னதன் கேடு அதனினும் பெரிது. மூன்று மாதம் மழையளவைக் குறித்துவைத்த பொறியாயின், அம்மூன்று மாதக் குறிப்பும் ஒருங்கே மறைந்துபோகும். பெய்த மழையை மறுபடி பெய்யச் செய்து அளத்தல் யாராலும் இயலாது.

இவ்விரண்டுக்கும் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பொறியையே கேட்டல் அது. இவ்வகைச் சிறு கணினிகள் பெரும்பாலானவற்றில் பேசுவதற்கென்றே ஒரு வாய் அமைந்திருக்கின்றது. அதனை ஆங்கிலத்தில் சீரியல் போர்ட் என்பர். தமிழில் தொடர்வழி எனலாம். பொறி உறக்கத்தினின்று எழும்போதே, 'இன்னது செய்கின்றேன், இன்னது கிடைத்தது, இன்னது கிடைக்கவில்லை' என்று வரிவரியாக இவ்வழியே சொல்லிக்கொண்டிருக்கும். கேட்பார் இல்லாவிடினும் சொல்லும். அச்சொல் செவிக்கு எட்டவில்லையாயின், தடை எங்குள்ளது என்று ஆராய்தலே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

தொடர்வழி புதியதன்று, தந்திக் காலத்தின் வழித்தோன்றல். எமில் போதோ என்னும் பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் 1874-இல் தம் தந்திமுறைக்குக் காப்புரிமை பெற்றார். தொடர்வழியின் வேகத்தை அளக்கும் 'பாட்' என்னும் அலகு அவர் பெயரினின்று பிறந்ததே. பின்னர் டெலிடைப் எனப்படும் தந்தி அச்சுப்பொறிகள் பெருகின. கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தற்குரிய ஆர்.எஸ். 232 என்னும் ஒழுங்குமுறை 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்றது. லினக்ஸில் இவ்வழிகளின் பெயர்கள் 'டி.டி.ஒய்.' என்று தொடங்குகின்றன. அது டெலிடைப் என்பதன் சுருக்கமே. அச்சுப்பொறி மறைந்தும் அதன் பெயர் மறையவில்லை.

இனி, தொடர்வழி பேசும் முறையைக் காண்க. கணினிக்கு எழுத்து என்பது எண்ணே. ஆங்கில நெடுங்கணக்கின் முதலாம் பேரெழுத்துக்கு 65 என்பது எண். அவ்வெண்ணை 1, 0 என்னும் இரண்டே குறிகளால் எழுதினால் 01000001 என எட்டுக் குறிகள் ஆகும். இக்குறி ஒவ்வொன்றும் பிட் எனப்படும். எட்டுப் பிட்டுகளையும் எட்டுக் கம்பிகளில் ஒரே காலத்தில் அனுப்புதல் ஒரு முறை. ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புதல் மற்றொரு முறை. ஒற்றையடிப் பாதையில் எட்டுப் பேர் வரிசையாகச் செல்லுதல் போன்றது இப்பின்னது. தொடர்வழி என்னும் பெயர் இதனாலேயே அமைந்தது.

பேச்சில்லாத நேரத்தில் கம்பி உயர்ந்த மின்னழுத்தத்தில், அஃதாவது 1 என்னும் நிலையில் ஓய்ந்திருக்கும். எழுத்து ஒன்று வரப்போகின்றது என்பதை அறிவிக்க முதலில் ஒரு 0 வரும். இது தொடக்கக் குறி. பின்னர் எட்டுப் பிட்டுகளும் கடைக்கோடியினின்று தலைகீழாக வரும். இறுதியில் ஒரு 1 வந்து எழுத்தை முடிக்கும். எனவே மேற்சொன்ன எழுத்து 0, 1, 0, 0, 0, 0, 0, 1, 0, 1 எனப் பத்துக் குறிகளாய்க் கம்பியில் ஓடுகின்றது.

இங்கே ஓர் ஐயம் எழும். இடையில் ஐந்து 0 அடுத்தடுத்து வருகின்றனவே. அவை ஐந்து என்றும் நான்கல்ல என்றும் கேட்பவன் எங்ஙனம் அறிவான்? கம்பியில் காண்பது இடையறவில்லாத ஒரே தாழ்நிலைதானே? அறிதற்குரிய கருவி காலமே. தமிழ் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது மாணவர் அறிந்தது. இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் மாத்திரை என்பர் இலக்கண நூலார். தொடர்வழிக்கும் அத்தகைய மாத்திரை உண்டு. விநாடிக்கு 1,15,200 பாட் என்னும் வேகத்தில் ஒரு பிட்டின் மாத்திரை 8.68 மைக்ரோ விநாடி. அஃதாவது விநாடியைப் பத்து இலட்சம் கூறிட்டு, அவற்றுள் ஏறத்தாழ ஒன்பது கூறு. 9,600 பாட் என்னும் வேகத்திலோ அது 104 மைக்ரோ விநாடி. சொல்வோனும் கேட்போனும் ஒரே மாத்திரையைக் கொண்டாலன்றிப் பேச்சு விளங்காது. குறிலை நெடிலாகக் கொண்டால் 'கல்' என்பது 'கால்' ஆகிவிடுமன்றோ?

இருபுறத்தும் மாத்திரை இம்மியும் பிசகாதிருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வோர் எழுத்தின் தொடக்கக் குறியிலும் கேட்பவன் தன் கணக்கைப் புதிதாகத் தொடங்குகின்றான். அதனால் பிழை ஓர் எழுத்தின் அளவே வளரும். அடுத்த எழுத்துக்குச் செல்லாது. கணக்கிட்டுப் பார்த்தால், இருபுறத்து வேறுபாடும் சேர்ந்து நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கை எட்டும்போதுதான் எழுத்துக் கெடும் என்று புலனாகும். இக்கணக்கை மனத்திற்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

பொதுவாகச் சொல்லிச் செல்வதைவிட ஒரு பொறியை எடுத்துக்கொண்டு ஆராய்வது நன்று. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பள்ளி மாணவர்கள் கணினியின் உள்ளியல்பைக் கற்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்டு, 2012 பிப்ரவரி 29-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. அதன் மூன்றாம் வகை 2016-இல் அதே பிப்ரவரி 29-இல் வெளிவந்தது. 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் உடைய பலகை அது, உள்ளங்கையில் அடங்கும். பலகையின் ஓர் ஓரத்தில் இரண்டு வரிசையாக 40 ஊசிமுனைகள் நிற்கும். ஓரத்தை ஒட்டிய வரிசையில் மூலையிலிருந்து எண்ணினால் 2, 4, 6, 8, 10 என்று எண்கள் வரும். இவற்றுள் 6 தரைமுனை. 8 பொறி பேசும் முனை. 10 பொறி கேட்கும் முனை. 2-உம் 4-உம் 5 வோல்ட் மின்சாரம் உடையவை. எண்ணும்போது ஓரிடம் தவறினால் தரைக்கம்பி 5 வோல்ட் முனையில் போய்ச் சேரும். ஆகவே, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இருமுறை எண்ணிப் பார்த்து, அதன்பின் கம்பியைச் செருகுதல் வேண்டும்.

இம்முனைகளைப் பெரிய கணினியோடு இணைக்க யூ.எஸ்.பி. இணைப்பி ஒன்று தேவை. அதனின்று வரும் கம்பிகளில் மூன்றே போதும். தரை தரையோடு சேர வேண்டும். ஒன்றின் வாய் மற்றொன்றின் செவியோடு சேர வேண்டும். வாயை வாயோடும் செவியைச் செவியோடும் பிணைத்துவிட்டு, 'பொறி பேசவில்லை' என்று வருந்துவோர் மிகப் பலர். தொடர்வழிப் பிழைகளுள் எளியதும் இதுவே. அடிக்கடி நிகழ்வதும் இதுவே. கம்பியின் நிறத்தை நம்புதல் கூடாது. ஒருவகை இணைப்பியில் பச்சைக் கம்பி பேசுவது. வேறொருவகையில் ஆரஞ்சுக் கம்பியே பேசுவது, பச்சைக்கு வேறு தொழில். இணைப்பியோடு வந்த குறிப்பைப் படித்தே துணிதல் வேண்டும்.

கம்பி மாறியதால் பெரும்பாலும் பொறி கெடுவதில்லை. மின்னழுத்தம் மாறினால் கெடும். இச்சிறு கணினியின் முனைகள் 3.3 வோல்ட் அளவே தாங்கும். 5 வோல்ட்டில் பேசும் இணைப்பியை அதன் செவியில் செருகினால் அச்செவி என்றைக்குமாகச் செவிடாகலாம். பழைய கணினிகளின் பின்புறத்தில் ஒன்பது முனையோடு காணப்பட்ட ஆர்.எஸ். 232 வழியோ இன்னும் கொடியது. அங்கே 15 வோல்ட் வரையும் செல்லுதற்கு இடமுண்டு. அதுவும் 1 என்பதற்கு எதிர்மறை மின்னழுத்தம், 0 என்பதற்கு நேர் மின்னழுத்தம் எனத் தலைகீழாக அமைந்திருக்கும். அதனோடு இணைக்க வேண்டுமாயின், இடையில் மின்னழுத்தத்தை மாற்றித்தரும் சில்லு ஒன்று வேண்டும். இணைப்பியின் சிவப்புக் கம்பி 5 வோல்ட் தருவதாக இருக்கும். சிறு கணினிக்குத் தனி மின்வழி இருக்கும்போது அக்கம்பியை எங்கும் செருகாமல் விட்டுவிடுதலே தக்கது.

இவ்வளவும் செய்தபின்னும் திரையில் ஒன்றும் தோன்றவில்லையென்று கொள்க. பழுது எங்கோ ஓரிடத்தில் உள்ளது. ஆனால் வழி நெடுகவும் பல கண்ணிகள் உள்ளன. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிப் பார்ப்பவர் ஒன்றையும் அறியமாட்டார். ஒருமுறைக்கு ஒன்றையே சோதித்து, 'இது நன்று' என்று தெளிந்தபின் அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும். எளிதிற் சோதிக்கத்தக்கது இணைப்பியே. சிறு கணினியினின்று அதனைக் கழற்றி, அதன் வாய்க்கம்பியையும் செவிக்கம்பியையும் ஒன்றோடொன்று தொடச் செய்க. இப்போது பெரிய கணினியில் தட்டும் எழுத்து, இணைப்பி வழியே சென்று அவ்வாறே மீண்டு திரையில் தோன்றும். கம்பிகளைப் பிரித்தால் தோன்றாது. பிரித்தபின்னும் தோன்றுமாயின், முனையச் செயலி தட்டிய எழுத்தைத் தானே திரையில் எழுதிக் காட்டுகின்றது என்று அறிந்து, அவ்வமைப்பை நிறுத்திவிட்டு மறுபடி சோதிக்க. இந்த ஒரு சோதனையால் இணைப்பி, அதனை இயக்கும் மென்பொருள், மினிகாம், புட்டி முதலிய முனையச் செயலி ஆகிய மூன்றும் குற்றமற்றவை என்பது தெளிவாகும்.

பெரிய கணினியும் லினக்ஸில் இயங்குவதாயின், தொடர்வழியைத் திறக்கும் உரிமை எல்லாப் பயனருக்கும் இராது. 'டயல்அவுட்' என்னும் குழுவில் பயனர் பெயர் சேர்ந்திருத்தல் வேண்டும். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் பொருளில் ஆங்கிலச் செய்தி வருமாயின் காரணம் இதுவே, பொறியின்மேற் பிழையில்லை.

அடுத்துச் சிறு கணினியின் வாயைச் சோதிக்க வேண்டும். மருத்துவர் நாடி பார்த்தல்போல, மல்டிமீட்டர் என்னும் அளவுகருவியின் ஒரு முனையைத் தரைமுனையிலும் மற்றொன்றை எட்டாம் முனையிலும் வைத்துப் பார்த்தால் போதும். ஓய்ந்திருக்கும் தொடர்வழி 1 என்னும் நிலையில் இருக்கும் என்று முன்னரே கூறப்பட்டதன்றோ? எனவே 3.3 வோல்ட்டுக்கு அருகில் அளவு காட்டுமாயின், வாய் திறந்திருக்கின்றது. பேச்சுத்தான் இல்லை என்பது பொருள். அளவு 0-க்கு அருகில் நிற்குமாயின் வாயே திறக்கப்படவில்லை. எண்கள் நடுங்கிக்கொண்டு சற்றுத் தாழ்ந்து காணப்படின், பொறி பேசிக்கொண்டே இருக்கின்றது. கேட்கும் புறத்தில்தான் குறை.

மூன்றாம் வகை ராஸ்பெரி பையில் இவ்வளவு பெரும்பாலும் 0-ஆகவே இருக்கும். அதற்குக் காரணம் சுவையானது. இப்பலகையின் சில்லுக்குள் தொடர்வழிக்கென இரண்டு உறுப்புகள் உள. ஒன்று முழுமையானது, தனக்கெனக் கடிகாரம் உடையது. மற்றொன்று 'மினி யுஆர்ட்' எனப்படும் எளிய உறுப்பு. அதற்குத் தனிக் கடிகாரம் இல்லை. சில்லின் நடுக்கடிகாரத்தையே நம்பியிருப்பது. முன்னைய வகைகளில் நல்ல உறுப்பே வெளிமுனைகளோடு இணைந்திருந்தது. மூன்றாம் வகையில் புளூடூத் என்னும் கம்பியில்லாத் தொடர்புக் கருவி புதிதாய் வந்து சேர்ந்தது. வந்த விருந்தினர்க்கு நல்ல அறையைக் கொடுத்துவிட்டு வீட்டார் திண்ணைக்கு வந்ததுபோல, நல்ல உறுப்புப் புளூடூத்துக்குச் சென்றது. எளிய உறுப்பு வெளிமுனைகளுக்கு வந்தது. அவ்வெளிய உறுப்பையும் தொடக்கத்திலேயே மூடிவைத்திருப்பது இயல்பான அமைப்பு. நினைவட்டையிலுள்ள 'கான்ஃபிக்' என்னும் கோப்பில் 'எனேபிள் யுஆர்ட்' என்பதன் மதிப்பு 1 என எழுதினால் வாய் திறக்கும்.

இங்கு ஒரு நன்மையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்நினைவட்டை இரு பகுதிகளாக வகுக்கப்பட்டது. முதற்பகுதி சிறியது, எந்தக் கணினியிலும் செருகிப் படிக்கத்தக்கது, மேற்சொன்ன கோப்பு இருப்பது அங்கேதான். சேர்ந்துள்ள அளவுக் குறிப்புகளோ இரண்டாம் பகுதியில் உள்ளன. ஆகவே, ஒரே ஒரு வரியை மாற்றுதற்காக அட்டை முழுவதையும் அழிக்க வேண்டிய தேவை சிறிதும் இல்லை.

மௌனம் நீங்கியபின் பலரை வருத்துவது பிதற்றல். திரையில் எழுத்துகள் வருகின்றன. ஆனால் கேள்விக்குறிகளும் பொருளற்ற வடிவங்களுமாய்க் குவிகின்றன. பிதற்றல் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. மௌனத்தைவிட அது நல்ல அறிகுறி. பொறி உயிரோடிருக்கின்றது, வாய் திறந்திருக்கின்றது, கம்பியும் சரியான இடத்தில் இருக்கின்றது என்பன அதனால் விளங்குகின்றன. மாத்திரைதான் ஒவ்வவில்லை. முனையச் செயலியில் 1,15,200 என்று வேகத்தை அமைத்தவுடன் பெரும்பாலும் பேச்சுத் தெளிவாகிவிடும். தரைக்கம்பி செருகப்படாமலோ தளர்ந்தோ இருந்தாலும் இடையிடையே பொய்யெழுத்துகள் தோன்றும். ஆதலின் அதனையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நன்று.

வேகத்தைச் சரியாக அமைத்தும், சிறிது நேரம் தெளிவாகவும் சிறிது நேரம் பிதற்றலாகவும் பேச்சு வருவதுண்டு. மூன்றாம் வகை வெளிவந்த 2016-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பலரை மயக்கிய நோய் இது. காரணம் எளிய உறுப்பின் கடிகாரமே. சில்லின் நடுக்கடிகாரம் வேலையில்லாதபோது விநாடிக்கு 250 மெகாஹெர்ட்சில் நடக்கும். வேலை மிகும்போது 400 மெகாஹெர்ட்சுக்கு ஏறும். அதனையே மாத்திரைக் கோலாகக் கொண்ட தொடர்வழியின் வேகமும் அதே விகிதத்தில் 1,15,200-லிருந்து 1,84,320 ஆகிவிடும். நூற்றுக்கு 5 பங்கு வேறுபாட்டையே தாங்காத பேச்சு, நூற்றுக்கு 60 பங்கு வேறுபட்டால் என்னாகும்? பொறி மும்முரமாக உழைக்கும்போதெல்லாம் பிதற்றிற்று, ஓய்ந்தபோது தெளிந்தது. நோயின் நேரத்தைக் குறித்துவைத்தவர்களுக்கே அதன் மூலம் புலப்பட்டது. பின்னர் வந்த மென்பொருளில், 'எனேபிள் யுஆர்ட்' என்பதை 1 என அமைத்தவுடன் நடுக்கடிகாரமும் 250-இல் நிலைநிறுத்தப்படுமாறு செய்தனர். புளூடூத் வேண்டாதவர் அதனை நிறுத்திவிட்டு நல்ல உறுப்பையே வெளிமுனைகளுக்கு மீட்டுக்கொள்ளுதலும் உண்டு. தொடர்வழியை நாள்தோறும் நம்பியிருக்கும் பொறிகளுக்கு இப்பின்னதே சிறந்த வழியாகும்.

இன்னொரு வகை மௌனம் உண்டு. பேச்சு நன்றாகத் தொடங்கி, இடையில் அறுந்துவிடும். பீகிள்போன் என்னும் வேறொரு சிறு கணினியில் இதனை நன்கு காணலாம். அங்கே முதலில் எழுந்து பேசுவது யூ-பூட் என்னும் சிறு நிரல். லினக்ஸின் உயிர்நிலையாகிய கெர்னலை நினைவட்டையினின்று எடுத்து நினைவகத்தில் வைத்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது அதன் கடமை. 'கெர்னலைத் தொடங்குகின்றேன்' என்று அது சொல்லும் வரியோடு பேச்சு நின்றுபோகும். கெர்னல் இறந்துவிட்டது என்றே காண்போர் எண்ணுவர். உண்மையில் கெர்னல் பிறிதோர் இடத்தை நோக்கிப் பேசிக்கொண்டிருக்கலாம். எந்த வழியில் பேச வேண்டும் என்பதைக் 'கன்சோல்' என்னும் சொல்லால் அதற்குத் தெரிவிக்க வேண்டும். 2011-இல் வந்த 2.6.37 என்னும் கெர்னலில் அவ்வகைச் சில்லுகளின் தொடர்வழிப் பெயர் மாறியது. 'டி.டி.ஒய்.' என்பதன்பின் 'எஸ்' என்னும் எழுத்து இருந்த இடத்தில் 'ஓ' என்னும் ஆங்கில எழுத்து வந்தது. அதனை அடுத்து வரும் எண்ணோ 0. வட்டமான எழுத்தும் வட்டமான சுழியும் அடுத்தடுத்து நின்றால் எது எழுத்து, எது எண் என்று யார் அறிவார்? பெயரை மாற்றாதவரும், மாற்றி எழுதும்போது மயங்கியவரும் ஒருசேர மௌனத்தையே கண்டனர். பின்வந்த கெர்னல்களில் மீண்டும் 'எஸ்' என்பதே வழக்காயிற்று. ராஸ்பெரி பையில் இத்தொல்லை குறைவு. 'சீரியல் 0' என்னும் பொதுப்பெயரே அங்கு எழுதப்படுவது. ஆனால் அதே வரியில் 'அமைதி' என்னும் பொருளுடைய 'கொயட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் எழுதப்பட்டிருந்தால் கெர்னல் தன் செய்திகளை அடக்கிக்கொள்ளும். பழுது தேடும்போது அச்சொல்லை நீக்கிவிடுதல் வேண்டும்.

பேச்சு கேட்கத் தொடங்கியபின் பாதி வேலை முடிந்ததாகும். பொறியே தன் நோயைச் சொல்லும். மூலக் கோப்பமைப்பைப் பொருத்த இயலவில்லை என்று கூறிக் கெர்னல் நின்றுவிட்டால், குறை நினைவட்டையிலோ அதன் பெயரைக் குறிக்கும் வரியிலோ உள்ளது. அப்பொழுது செய்யத்தக்க முதற்செயல் அட்டையை அழித்தல் அன்று. அதனைக் கழற்றி, உள்ளவற்றை வேறு கணினியில் படியெடுத்துக்கொள்ளுதலே. தொடக்கச் செய்திகள் பாதியில் அறுந்து மீண்டும் முதலிலிருந்து வருமாயின், மின்சாரம் போதவில்லையோ என்று ஐயுறுக. மூன்றாம் வகைக்கு 2.5 ஆம்பியர் தரவல்ல மின்வழங்கி வேண்டும் என்பர். யூ.எஸ்.பி. 2.0 முறைப்படி கணினியின் துளை தருவதற்குரியது அரை ஆம்பியரே.

பொறி பேசுவது கேட்கின்றது, ஆனால் இங்கே தட்டுவது அதன் செவியில் ஏறவில்லை என்னும் நிலையும் உண்டு. திரையின் கடைசி வரியில் 'லாகின்' என்று பெயர் கேட்டு நிற்கும். எதைத் தட்டினாலும் அசையாது. செவிக்கம்பி தளர்ந்திருத்தல் ஒரு காரணம். அதனினும் மறைவான காரணம் ஓட்டக் கட்டுப்பாடு. 'அனுப்பலாமா?' என்று கேட்டு இசைவு பெறுதற்கென வேறு கம்பிகள் கொண்ட காலம் ஒன்று இருந்தது. முனையச் செயலி அவ்வழக்கப்படி இசைவுக்குக் காத்திருக்கும். மூன்றே கம்பிகள் உள்ள இடத்தில் இசைவு எக்காலத்தும் வாராது. மினிகாமில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை நிறுத்தியவுடன் தட்டிய எழுத்துகள் செல்லத் தொடங்கும்.

ஆங்கில எழுத்தெல்லாம் தெளிவாக வந்து, தமிழ் எழுத்து மட்டும் சிதைந்து வருவதும் உண்டு. இதற்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. யூனிகோடு எழுத்துகளை அனுப்பும் யூ.டி.எஃப். 8 என்னும் முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். 'அ' என்பது மூன்று பைட்டுகளாய்ச் செல்லும். 'கா' என்பது மெய்யுருவும் துணைக்காலும் தனித்தனி எண்ணுடையனவாதலின் ஆறு பைட்டுகளாகும். மும்மூன்றாய்ச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை அறியாத முனையச் செயலி ஒவ்வொரு பைட்டையும் தனியெழுத்தாகக் கொண்டு சிதைக்கின்றது. அதன் எழுத்துமுறையை மாற்றினால் போதும்.

இறுதியாக, ஒரே வழியில் இருவர் பேச முற்படும் தொல்லை. வானிலைப் பொறி தான் நிற்கும் இடத்தை அறிவதற்காக ஜி.பி.எஸ். கருவி ஒன்றை அதே தொடர்வழியில் இணைப்பது வழக்கம். அக்கருவி பெரும்பாலும் 9,600 பாட் வேகத்தில், விநாடிதோறும் டாலர் குறியோடு தொடங்கும் சில வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் அவ்வழியில் 'லாகின்' கேட்கும் நிரல் முன்னரே காவலிருக்குமாயின், வந்த வரியை அது யாரோ ஒருவர் பெயர் என்று கொள்ளும். உடனே கடவுச்சொல் கேட்கும். அடுத்த வரியைக் கடவுச்சொல்லாகக் கொண்டு, 'தவறு' என்று மறுக்கும். இடத்தைக் கணிக்கும் நிரலுக்கோ பாதி வரிகளே எஞ்சும். ராஸ்பெரி பையின் அமைப்பு நிரல் இதனை இரண்டு வினாக்களாய்ப் பிரித்துக் கேட்கின்றது. தொடர்வழியில் நுழைவுரிமை வேண்டுமா என்பது ஒன்று. தொடர்வழி உறுப்பே வேண்டுமா என்பது மற்றொன்று. முன்னதற்கு 'இல்லை' என்றும் பின்னதற்கு 'ஆம்' என்றும் விடையளித்துப் பொறியை மீண்டும் எழுப்பினால், ஜி.பி.எஸ். வரிகள் முழுமையாக வந்து சேரும். வந்த வரிகளில் காற்புள்ளிகளுக்கு இடையே எண்கள் இன்றி வெறுமையாய் இருப்பின், அது தொடர்வழியின் பிழையன்று. கருவிக்குச் செயற்கைக்கோள்களின் குறிப்பு இன்னும் கிட்டவில்லை. கருவியைக் கூரைக்கு வெளியே, வானம் நன்கு தெரியும் இடத்தில் வைத்துச் சில நிமிடம் பொறுத்திருந்தால் அவ்விடங்கள் நிரம்பத் தொடங்கும்.